மேலாகத்தானே பட்டிருக்கிறது?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களைப் போலவே ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கும் வேறு சிலரும் இதைப் படிக்கலாம்.

அப்பாவுக்கு 61 வயது. மதுரை முனிச்சாலைப் பக்கம் நாற்பது வருடமாகச் சுங்குடிச் சேலைக்குச் சாயம் முக்கியவர். ஐந்து வாரத்துக்கு முன்னால் காலையில் காபி டம்ளர் வலது கையிலிருந்து நழுவியது, வாய் கோணியது, பேச்சு நின்றது. பக்கவாதம். இப்போது தெருமுனை வரை தானாக நடந்து வருகிறார். ஆனால் வலது கை சொன்னபடி கேட்கவில்லை. வீட்டில் சௌராஷ்டிரம், கடையில் தமிழ் என்று இரண்டும் சரளமாகப் பேசியவர், இப்போது எதைச் சொல்ல வந்தாலும் "அது... அது..." என்பதோடு நின்றுவிடுகிறார். பஜனைப் பாட்டைப் போட்டால் மட்டும் கூடவே வார்த்தை பிசகாமல் பாடுகிறார். ரிப்போர்ட்டில் "இடது பெருமூளைப் புறணி" என்று போட்டிருக்கிறது. சித்தப்பா, "புறணி என்றால் மேல்தோல்தானே, மேலாகத்தான் பட்டிருக்கிறது, ஆழமாகப் போகவில்லை" என்று தைரியம் சொல்கிறார். வந்து பார்க்கிற உறவுக்காரர்கள், "புத்தியே போய்விட்டது" என்கிறார்கள். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. சித்தப்பா நினைப்பதை விட விஷயம் பெரிது. உறவுக்காரர்கள் நினைப்பதை விட அப்பா ரொம்பவே முழுசாக உள்ளே இருக்கிறார். இரண்டையும் விளக்க வேண்டுமென்றால் புறணி என்பது என்ன என்று சற்றுப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். 31 வருடம் உடற்கூறியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வரும்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். நம் ஊரில் புறணி என்றால் ஆள் இல்லாத நேரத்தில் அவரைப் பற்றிப் பேசுவது. மரத்தின் பட்டைக்கும் பழத்தின் மேல்தோலுக்கும் கூட அதே சொல்தான். கார்டெக்ஸ் என்ற லத்தீன் சொல்லுக்கும் பட்டை என்றுதான் அர்த்தம். சித்தப்பா சொன்ன பொருள் அந்த வகையில் சரி. ஆனால் ஒரு வேப்பமரத்தைச் சுற்றிப் பட்டையை உரித்துவிட்டால் என்ன ஆகும்? உள்ளே கட்டை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் மரம் பட்டுப்போகும். மரத்துக்கு உயிரோட்டம் பட்டையை ஒட்டித்தான். மூளையிலும் வேலை நடக்கும் இடம் பெரும்பாலும் அந்த மேல்பட்டைதான். உள்ளே வெள்ளையாகத் தெரியும் பெரும்பகுதி, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பிழைகள்.

கண்ணால் பார்த்தால் இது இன்னும் எளிதாகப் புரியும். உடலிலிருந்து எடுத்த மூளை கெட்டித் தயிர் மாதிரி அவ்வளவு மெத்தென்று இருக்கும். பதப்படுத்துவதற்காக ஃபார்மலின் திரவ வாளியில் போடும்போது அப்படியே அடியில் உட்கார விட்டால் தன் எடையிலேயே தட்டையாகிவிடும். அதனால் அடிப்பக்கத் தமனிக்குக் கீழே ஒரு நூலைக் கொடுத்து, தலைகீழாகத் தொங்கவிடுவோம். சில வாரம் கழித்து எடுத்தால் கெட்டிப்பட்டிருக்கும். நீளக் கத்தியால் ஒரே இழுப்பில் குறுக்கே வெட்டினால், வெள்ளைப் பரப்பைச் சுற்றி, சேலைக்கு பார்டர் பிடித்தது மாதிரி ஒரு சாம்பல் நிறக் கரை, உள்ளே வெளியே என்று வளைந்து வளைந்து ஓடும். அந்தக் கரைதான் புறணி. மாணவர்களை ஸ்கேல் வைத்து அளக்கச் சொல்வேன். இரண்டு மில்லிமீட்டர் முதல் நாலு மில்லிமீட்டருக்குள்தான் வரும். உங்கள் அப்பாவின் நாற்பது வருடத் தொழில், இரண்டு மொழி, பஜனைப் பாட்டு, மகளைப் பார்த்ததும் அடையாளம் தெரிவது எல்லாம் அந்தக் கனத்துக்குள் நடக்கிற வேலை.

கனம்தான் குறைவு, பரப்பு குறைவில்லை. இதை உங்கள் வீட்டுக்கு நான் விளக்கவே வேண்டாம். முடிச்சுப் போட்டுச் சாயம் முக்கிக் காயவைத்த சுங்குடி, முடிச்சோடு இருக்கும்வரை சுருங்கிச் சின்ன மூட்டை மாதிரி இருக்கும். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தால் படபடவென்று முடிச்சு தெறித்து முழுச் சேலையாக விரியும். பெருமூளையின் புறணியும் அப்படிச் சுருங்கித்தான் மண்டையோட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. விரித்துப் பார்த்தால் சுமார் 2,000 சதுர சென்டிமீட்டர், அதாவது தினசரிப் பேப்பரின் ஒரு முழுப் பக்கம் அளவுக்கு வரும். அதில் மூன்றில் இரண்டு பங்கு மடிப்புகளுக்குள்ளே மறைந்திருக்கிறது. மூளையை வெளியே எடுத்து எத்தனை திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரிவது மூன்றில் ஒரு பங்குதான். ஒரு பகுதியோ வெளியே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. காதுப் பக்கம் இருக்கும் பொட்டு மடலையும், முன்னால் இருக்கும் நெற்றி மடலையும் விரலால் விலக்கினால்தான் உள்ளே தீவு மாதிரி தெரியும். சுவை தெரிவதில் அதற்குப் பங்கு உண்டு. ஆகவே "மேலாக" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். புறணியிலேயே மேல் உண்டு, ஆழம் உண்டு.

இந்த மெல்லிய பட்டைக்குள் நரம்பணுக்கள் ஏறக்குறைய 1,600 கோடி. மூளை முழுவதும் சேர்த்து 8,600 கோடி என்று 2009ல் பிரேசில் ஆராய்ச்சியாளர்கள் மூளைத் திசுவைக் கரைத்து, அதில் உள்ள உட்கருக்களை எண்ணிக் கணக்கிட்டார்கள். மிச்சத்தில் பெரும்பகுதி பின்னால் இருக்கும் சிறுமூளையில் இருக்கிறது. எண்ணிக்கையில் சிறுமூளைதான் முதலிடம் என்பது எனக்கே முதலில் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது.

நுண்ணோக்கியில் பார்த்தால் இந்த அணுக்கள் கண்டபடி கிடப்பதில்லை. ஆறு அடுக்காக இருக்கின்றன. மேலேயிருந்து எண்ணினால் முதல் அடுக்கில் அணுக்கள் மிகக் குறைவு, பெரும்பாலும் இழைகள்தான். இரண்டும் மூன்றும் பக்கத்துப் புறணிப் பகுதிகளோடும், எதிர்ப்பக்க அரைமூளையோடும் பேசுகிற அடுக்குகள். நாலாவதுதான் வெளியிலிருந்து செய்தி வந்து இறங்கும் இடம். ஐந்தாவதிலிருந்து கட்டளை கீழே தண்டுவடம் வரைக்கும் போகிறது. ஆறாவது, செய்தி அனுப்பிய தாலமஸுக்கே பதில் அனுப்புகிறது.

தாலமஸ் என்பது மூளையின் நடுவில் இருக்கும் ஒரு மொத்த மண்டி. கண்ணில் படுவது, காதில் விழுவது, தோலில் உரசுவது எல்லாம் அங்கே வந்து இறங்கி, பிரித்து, பிறகுதான் புறணிக்குப் போகும். வாசனை மட்டும் விலக்கு. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குள் நுழையும்போது மல்லிகை வாசனை மூக்கிலிருந்து மண்டிக்குப் போகாமல் நேராகவே புறணிக்குப் போய்ச் சேர்கிறது. அந்தப் பகுதிக்கு ஆறு அடுக்கும் கிடையாது. அது பழைய வகைப் புறணி. நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸும் அந்தப் பழைய வகைதான், மூன்று அடுக்கு. மனிதனில் கிட்டத்தட்ட 90 சதவீதப் புறணி ஆறடுக்குப் புதிய வகை.

ஆறு அடுக்கும் எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இருப்பதில்லை, இதுதான் முக்கியம். பார்வை, தொடுதல் போன்ற செய்தி வாங்கும் இடங்களில் நாலாவது அடுக்கு தடித்திருக்கும். அசைவுக்குக் கட்டளை போடும் இடத்தில் நாலாவது தேடினாலும் சரியாகக் கிடைக்காது, ஐந்தாவது பெருத்திருக்கும். பிடரிப் பக்கப் புறணியை வெட்டினால் சாம்பல் கரைக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு வெறும் கண்ணுக்கே தெரியும். இத்தாலியில் ஜென்னாரி என்ற மருத்துவ மாணவர் 1776ல் உறைய வைத்த மூளையை வெட்டும்போது இதைக் கவனித்தார். புறணி எங்கும் ஒரே மாதிரி இல்லை என்பதற்குக் கிடைத்த முதல் சாட்சி அந்தக் கோடு. ஒவ்வொரு வருடமும் வகுப்பில் அந்தக் கோட்டைக் காட்டும்போது பின்வரிசைப் பையன்கள்கூட எழுந்து வந்து பார்ப்பார்கள். அப்புறம் 1909ல் ஜெர்மனியின் ப்ராட்மன், அணுக்களின் அடுக்கு வித்தியாசத்தை வைத்தே புறணியைப் பேட்டை பேட்டையாகப் பிரித்து எண் போட்டார். நூறு வருடம் தாண்டியும் டாக்டர்கள் இன்றும் அந்த எண்களைத்தான் சொல்கிறார்கள்.

சரி, அப்பாவின் கைக்கு வருவோம்.

இரண்டு காதுகளையும் உச்சி வழியாக இணைத்து ஒரு ஹேர்பேண்டு போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அந்த இடத்தில் மூளையின் இரு பக்கமும் ஒரு ஆழமான பள்ளம் இறங்குகிறது. அதன் முன்கரை அசைவுக்கு, பின்கரை தொடு உணர்வுக்கு. முன்கரைதான் புறணியிலேயே தடிப்பான இடம், நாலு மில்லிமீட்டரைத் தொடும். பின்கரை அதில் பாதிதான். இரண்டு கரையிலும் உடம்பு தலைகீழாக வரையப்பட்டிருக்கிறது. கால், இரண்டு அரைமூளைகளும் சந்திக்கும் நடு இடுக்குக்குள் மடிந்து கிடக்கிறது. வெளிப்பக்கம் வந்தால் இடுப்பு, தோள், கை, அதற்கும் கீழே முகம், உதடு, நாக்கு. 1937ல் கனடாவின் பென்ஃபீல்டு, வலிப்பு நோயாளிகளுக்கு விழித்த நிலையில் அறுவை செய்யும்போது புறணியை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுத் தொட்டு இந்தப் படத்தைப் பதிவு செய்தார். மூளைக்கு வலி தெரியாது என்பதால் அது முடிந்தது.

அந்தப் படத்தில் உடம்பின் அளவு, நிஜ உடம்பின் அளவில் இல்லை. முதுகு முழுவதுக்கும் கிடைத்தது துளி இடம். கட்டைவிரலுக்கும் உதட்டுக்கும் கிடைத்தது பேரிடம். எந்த உறுப்பு நுட்பமாக வேலை செய்கிறதோ அதற்கே அதிக இடம். சுங்குடியில் கடுகளவு துணியை நகக்கண்ணால் தூக்கி நூல் சுற்றுகிற பெண்களின் கையையும், முழம் போடாமலே கண் பார்வையில் பூ கட்டுகிற கையையும் நினைத்துப் பாருங்கள். அந்த விரல்களுக்கு அவ்வளவு இடம் வேண்டாமா?

இந்த முன்கரையின் ஐந்தாவது அடுக்கில் மூளையிலேயே மிகப் பெரிய நரம்பணுக்கள் சில இருக்கின்றன. 1874ல் கீவ் நகரத்துப் பெட்ஸ் கண்டுபிடித்தது. கால் பகுதியில் இருக்கும் ஒரு பெட்ஸ் அணுவின் இழை, மூளையிலிருந்து இறங்கி, மூளையின் அடித்தண்டான முகுளத்தில் எதிர்ப்பக்கம் தாண்டி, தண்டுவடத்தின் அடிப்பகுதி வரை ஒரே இழையாகப் போகிறது. அரை மீட்டருக்கும் மேல் நீளம். எதிர்ப்பக்கம் தாண்டுவதால்தான் இடது மூளையில் அடைப்பு வந்தால் வலது கை விழுகிறது.

அப்படியென்றால் கால் ஏன் தப்பித்தது? ரத்தக்குழாய்தான் காரணம். மூளையின் வெளிப்பக்கத்துக்கு, அதாவது கை, முகம், பேச்சு இருக்கும் பக்கத்துக்கு, நடுத்தமனி ரத்தம் தருகிறது. கால் மடிந்து கிடக்கும் நடு இடுக்குக்கு முன்தமனி தருகிறது. அப்பாவுக்கு அடைத்தது நடுத்தமனியின் ஒரு கிளை. அதன் பாசனத்தில் இருந்த கையும் முகமும் பேச்சும் வாடின. வேறு கால்வாயில் இருந்த கால் தப்பித்தது. அப்பா நடக்க முடிவதும் டம்ளர் பிடிக்க முடியாததும் இவ்வளவுதான்.

ஒன்று செய்து பாருங்கள். அப்பாவைப் புருவத்தை உயர்த்தி நெற்றியைச் சுருக்கச் சொல்லுங்கள். வார்த்தையில் சொன்னால் சிரமமாக இருக்கும், நீங்கள் செய்து காட்டினால் அவரும் செய்வார். வாய் வலது பக்கம் தொங்கினாலும் நெற்றி இரண்டு பக்கமும் சுருங்கும். நெற்றித் தசைக்கு இரண்டு அரைமூளையிலிருந்தும் கட்டளை வருகிறது. ஒன்று போனாலும் மற்றது பார்த்துக்கொள்ளும். வாய்க்குப் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்திலிருந்து மட்டும். நெற்றியும் சேர்ந்து விழுந்திருந்தால், அது பெரும்பாலும் புறணியில் வந்த கோளாறாக இருக்காது, முக நரம்பிலேயே வந்த கோளாறாக இருக்கும்.

இனி பேச்சு. இதைத்தான் நான் அதிகம் எழுத நினைத்தேன்.

1861ல் பாரிஸில் ப்ரோக்கா என்ற அறுவை மருத்துவரிடம் ஒரு நோயாளி வந்தார். பல வருடமாக அவருக்கு வாயில் வந்தது "டான்" என்ற ஓரசை மட்டும். பேசுவது புரியும், கையால் பதில் சொல்வார், வாயில் டான், டான். அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்தபோது இடது நெற்றி மடலின் கீழ்ப்பகுதியில் ஒரு பள்ளம். பேச்சுக்கு மூளையில் இடம் உண்டு என்பது அங்கேதான் உறுதியாயிற்று. அது இடது பக்கம் என்பதை, இன்னும் பல நோயாளிகளைப் பார்த்த பிறகு 1865ல் ப்ரோக்கா சொன்னார். பாதுகாத்து வைத்திருந்த அதே மூளையை 2007ல் எம்ஆர்ஐயில் பார்த்தார்கள். பாதிப்பு மேலே தெரிந்த பள்ளத்தோடு நிற்கவில்லை, உள்ளே இழைகள் வரை போயிருந்தது. அதனால் "இந்தப் பொட்டிடம்தான் பேச்சு" என்று இன்று யாரும் சொல்வதில்லை. பேச்சு ஒரு பின்னல், அதில் ப்ரோக்கா சொன்ன இடம் ஒரு முக்கியமான முடிச்சு.

அந்த முடிச்சு, நாக்கையும் உதட்டையும் அசைக்கும் கரைக்கு நேர் முன்னால் இருக்கிறது. சொல்லை வரிசைப்படுத்தி, வாக்கியமாகக் கோர்த்து, வாய்க்கு அனுப்பும் இடம். அப்பாவுக்கு அடிபட்டது அங்கே என்றுதான் நீங்கள் சொல்லும் அடையாளங்கள் காட்டுகின்றன. அவருக்குச் சொல்ல வேண்டியது தெரிகிறது. பெயர் கூட நாக்கு நுனியில் நிற்கிறது. வெளியே வரும் வாசல் அடைத்திருக்கிறது. "அது... அது..." என்றுவிட்டுக் கையால் தொடையில் தட்டிக்கொள்வதாக எழுதியிருந்தீர்களே, புத்தி போனவருக்கு அந்த ஆத்திரம் வராது. தான் சொல்ல நினைத்தது வரவில்லை என்று தெரிந்தவருக்குத்தான் வரும்.

எதிர் வகையும் உண்டு. 1874ல் வெர்னிக்கே என்ற 26 வயது ஜெர்மன் மருத்துவர் அதை விவரித்தார். காதுக்கு உள்பக்கம், இடது பொட்டு மடலின் பின்பகுதியில் அடிபட்டால் பேச்சு சரளமாக வரும், ஆனால் வார்த்தைகள் கலைந்து வரும். பிறர் பேசுவதும் புரியாது. என் சொந்தச் சித்தப்பாவுக்கு அப்படித்தான் வந்தது. திருமங்கலம் பக்கம் கிராமம். ஒரு நாள் காலையில் எழுந்தவர் நிறுத்தாமல் பேசினார், ஒன்றுக்கொன்று ஒட்டாத வார்த்தைகள். கை கால் நன்றாக இருந்ததால் யாருக்கும் பக்கவாதம் என்று தோன்றவில்லை. கோடாங்கி பார்த்தார்கள், விபூதி போட்டார்கள். அப்புறம் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது அங்கேயும் மனநோய் என்று தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். செய்தி எனக்கு வந்து சேர்ந்தது பதினோராம் நாள். நான் போய் உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல் என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். வாங்கித் துண்டால் துடைத்து, சரியாகப் போட்டுக்கொண்டார். பொருள் தெரிகிறது, பயன் தெரிகிறது, சொல் மட்டும்தான் போயிருக்கிறது. ஸ்கேனில் இடது பொட்டு மடலில் அடைப்பு இருந்தது. அந்தப் பத்து நாளை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. அதனால்தான் உங்கள் கேள்வியில் "புத்தி போய்விட்டது" என்ற வரியைப் பார்த்ததும் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

இரண்டு மொழியில் எது முதலில் திரும்பும் என்றும் கேட்டிருந்தீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சில் இதில் இரண்டு கருத்து. ரிபோ, முதலில் கற்றதுதான் முதலில் வரும் என்றார். பித்ர் 1895ல், அதிகம் புழங்கிய மொழிதான் வரும் என்றார். இன்றுவரை பார்த்ததில், இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சேர்ந்து திரும்புவதுதான் அதிகம். சிறுவயதிலிருந்தே இரண்டையும் புழங்குகிறவர்களுக்கு இரண்டு மொழியும் புறணியில் பெரும்பாலும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் வீட்டில் சௌராஷ்டிரத்திலேயே பேசுங்கள். தமிழில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவரிடம் அதையும் சொல்லிவிடுங்கள். அவருக்குச் சௌராஷ்டிரம் தெரியாவிட்டாலும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அதே சொல்லை வீட்டு மொழியில் சொல்லிக் கொடுக்கலாம்.

பாட்டு மட்டும் எப்படி வருகிறது? மனப்பாடமான பாட்டு, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துக் கோர்க்கும் வேலை இல்லை. மெட்டோடு ஒட்டிய ஒரே சரடு. மெட்டைக் கையாள்வதில் வலது அரைமூளைக்குப் பெரிய பங்கு உண்டு, அப்பாவுக்கு அந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது. திட்டுவது, சாமி பெயர் சொல்வது, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவது இவையும் இதே மாதிரி தப்பிப் பிழைக்கும். 1973ல் அமெரிக்காவில் இதையே ஒரு பயிற்சியாக ஆக்கினார்கள். "தண்ணி வேணும்" என்பதை ஏற்ற இறக்கத்தோடு ராகமாக இழுத்து, ஒவ்வொரு அசைக்கும் இடது கையால் தாளம் தட்டி, பலமுறை சொல்ல வைத்து, பிறகு மெல்ல மெல்ல ராகத்தைக் குறைப்பது. உங்கள் வீட்டில் பஜனை கேட்டு வளர்ந்தவருக்கு இது அந்நியமாகவே இருக்காது. எல்லோருக்கும் பலித்துவிடும் என்று சொல்ல மாட்டேன். பயிற்சியாளரிடம் கேட்டுத் தொடங்குங்கள்.

புறணியின் மற்ற பேட்டைகளையும் கேட்டிருந்தீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். பின்னால் பிடரி மடல் பார்வைக்கு. கண் நன்றாக இருந்தும் இந்த இடம் போனால் பார்வை போகும். குழந்தைக்கு மாறுகண்ணோ பிறவிக் கண்புரையோ இருந்தால் "வளர்ந்ததும் பார்க்கலாம்" என்று விடக்கூடாது என்று அரவிந்த் கண் மருத்துவமனையில் தலைபாடாகச் சொல்வதும் இதனால்தான். சிறுவயதில் கண்ணிலிருந்து செய்தி வராவிட்டால் பிடரிப் புறணி அந்தக் கண்ணுக்கான இடத்தை அடுத்த கண்ணுக்குக் கொடுத்துவிடும். ஹியூபெல், வீசல் இருவரும் பூனைக்குட்டிகளில் இதைக் காட்டினார்கள், 1981ல் நோபல் பரிசு. உச்சி மடல், நம் உடம்பு எங்கே இருக்கிறது, சுற்றியுள்ள இடம் எப்படி இருக்கிறது என்ற கணக்குக்கு. வலது உச்சி மடலில் அடிபட்டவர்கள் இலையில் இடது பாதிச் சோற்றை அப்படியே விட்டுவிடுவார்கள். பசியில்லாமல் விடுவதில்லை, அந்தப் பாதி அவர்களுக்கு இருப்பதாகவே தெரியாது. நெற்றி மடலின் முன்பகுதி திட்டமிடுவதற்கும், வாயை அடக்குவதற்கும், நாளைக்காக இன்று பொறுப்பதற்கும். முற்றி முழுமையாக இருபத்தைந்து வயது ஆகும்.

"மனிதன் பத்து சதவீத மூளையைத்தான் பயன்படுத்துகிறான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உடல் எடையில் இரண்டு சதவீதமே உள்ள மூளை, உடம்பின் சக்தியில் இருபது சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. சும்மா கிடக்கும் பேட்டை என்று ஒன்று அங்கே இல்லை. அதனால்தான் ஒரு கிளைத்தமனி அடைத்ததற்கே இவ்வளவு இழப்பு.

போன அணு திரும்ப வராது. ஆனால் படம் மாறும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், கை வெட்டப்பட்டவர்களின் கன்னத்தைப் பஞ்சால் தொட்டபோது, இல்லாத கையில் தொட்டதாக அவர்கள் சொன்னதைப் பதிவு செய்தார். மேலே சொன்ன படத்தில் கைக்குப் பக்கத்து வீடு முகம். கையிலிருந்து செய்தி வராமல் காலியான இடத்துக்கு முகம் குடிவந்திருந்தது. காலி இடத்தைப் புறணி சும்மா விடாது. உங்களுக்கு இதில் நல்லதும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. அடிபட்ட இடத்தைச் சுற்றி உயிரோடிருக்கும் அணுக்கள், கைக்கான வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ள முடியும், கையை அசைத்தால். அசைக்காமல் விட்டால் அந்த இடத்தையும் மற்ற உறுப்புகள் எடுத்துக்கொள்ளும். வயலின் வாசிப்பவர்களின் மூளையைப் பார்த்தபோது, தந்தியை அழுத்தும் இடது கை விரல்களுக்கான இடம் மற்றவர்களை விடப் பெரிதாக இருந்தது, குறிப்பாகச் சுண்டுவிரலுக்கு. பழக்கம் இடம் பிடிக்கும்.

ஆகவே பாசத்தில் செய்கிற ஒரு தவறை நிறுத்துங்கள். எல்லாவற்றையும் நீங்களே ஊட்டி, போட்டு, கட்டிவிடாதீர்கள். இடது கையால் செய்வது சுலபம் என்று வலது கையை மடியில் வைத்துக்கொண்டே இருந்தால் அந்தக் கை மறந்தே போகும். பிசியோதெரபி சொல்பவரைக் கேட்டுக்கொண்டு, அப்பாவின் தொழிலிலேயே பயிற்சி தேடுங்கள். காயவைத்த துணியின் ஒரு ஓரத்தை வலது கையில் பிடிக்கச் சொல்லுங்கள், நழுவினாலும் மறுபடி பிடிக்கட்டும். சாயக் கோலைக் கையில் கொடுத்து வெறும் தண்ணீரில் கிண்டச் சொல்லலாம். நாற்பது வருடம் பழகிய அசைவு, ரப்பர் பந்தை அமுக்குவதை விட அவருக்கு அர்த்தமாக இருக்கும்.

பேச்சில், "என்ன வேணும்?" என்று கேட்காமல் "காபியா, மோரா?" என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள். அவர் வார்த்தையைத் தேடும்போது நீங்கள் பாய்ந்து முடிக்காதீர்கள், மனசுக்குள் பத்து எண்ணுங்கள். வந்தவர்கள் அவர் முன்னாலேயே அவரைப் பற்றி "பாவம், ஒன்றும் தெரியாது" என்று பேச விடாதீர்கள். அவருக்குப் பெரும்பாலும் எல்லாம் புரிகிறது. மருத்துவர் எழுதிய பிரஷர் மாத்திரையையும் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையையும், நன்றாகிவிட்டது என்று யாரும் நிறுத்திவிட வேண்டாம். நிறுத்தினால் இரண்டாவது அடைப்புக்கு அதுவே வழி.

அப்படி மறுபடியும் வாய் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ, மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு உடனே 108ஐக் கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் உண்டு, அதுவும் ஸ்கேன் எடுத்த பிறகுதான் போடுவார்கள். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்கக் கூடாது.

உங்கள் சித்தப்பாவிடம் இந்தப் பேப்பர் பக்கக் கணக்கைச் சொல்லுங்கள், சுங்குடி உதாரணம் அவருக்கு உடனே பிடிபடும். நாளைக் காலை அப்பாவிடம் ஒரு பூ, ஒரு சாவி, ஒரு டம்ளர் மூன்றையும் காட்டி, ஒவ்வொன்றாக முதலில் சௌராஷ்டிரத்திலும் பிறகு தமிழிலும் பெயர் கேட்டு, எது எந்த மொழியில் வந்தது, எத்தனை நேரம் ஆயிற்று என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். இரண்டு வாரம் கழித்து அந்த நோட்டை எனக்கு எழுதி அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.